ஐந்து நட்சத்திர போனும் ஓர் ஏலக்காய்க் கவரும்

இனிமேல் உலகத்தில் யாரும் எதையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை.

இதைச் சொன்னவள் பாண்டீஸ்வரி. ஆறாம் வகுப்பு. சொன்ன இடம் சிலமலை பஸ் நிறுத்தம். சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை காலை. கேட்டவர்கள் நான்கு பேர். அதில் ஒன்று ஆடு.

"எங்க வீட்டுல நேத்து புது போன் வாங்கியாச்சு. அது வெளியே வந்தே ஒரு வாரந்தான் ஆகுது. போடிக் கடையில மொத ஆளா வாங்குனது எங்கப்பா. அதுல போட்டோ எடுத்தா நேர்ல பாக்குறதவிட நல்லாருக்கும். பெறகு எதுக்கு நேர்ல போயிப் பாக்கணும்?"

"அப்ப ஒன்னையப் போட்டோ எடுத்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிரு. நீ வீட்டுலயே இருக்கலாம்ல?" என்றான் அதே வகுப்பில் படிக்கும் பேச்சிமுத்து.

"அதுவும் ஒருநா வரும்" என்றாள் பாண்டீஸ்வரி. சிரிக்காமல்தான் சொன்னாள்.

அப்போது ஏலக்காய் வாசம் வந்தது. பின்னாலேயே கார்த்திகா வந்தாள்.

கார்த்திகாவின் அப்பா கோட்டைச்சாமிக்கு மலையில் ஏலத்தோட்டம் இருக்கிறது. பாண்டீஸ்வரியின் அப்பா வீரணனின் தோட்டத்துக்கு அடுத்தது. காய் உலர்ந்து வீட்டுக்கு வந்ததும் கோட்டைச்சாமி ஒரு கைப்பிடி எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி, மகளிடம் கொடுத்துவிடுவார். பள்ளிக்குப் போகிற வழியில்தான் சின்ராசுவின் ஏலக்காய்க் கடை. சின்ராசு அந்தக் காயைக் கையில் கொட்டி, உருட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, பிறகுதான் மூட்டையைக் கொண்டுவரச் சொல்வார். அந்தக் கவருக்குப் பெயர் சாம்பிள் கவர்.

"வந்துருச்சுப்பா கொரியர்!" என்றாள் பாண்டீஸ்வரி. "இந்தக் காலத்துலயும் ஏலக்காயத் தூக்கிச் சொமக்குறாக. ஒரு போட்டோ எடுத்து அனுப்புனா சோலி முடிஞ்சுச்சு."

"கொரியர் கார்த்திகா!" என்றான் பேச்சிமுத்து.

பஸ் போடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெயர் கடைசி சீட்டு வரைக்கும் போய்விட்டது. கார்த்திகா பையை முதுகிலிருந்து கழற்றி மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பாண்டீஸ்வரி அதைப் பார்த்தாள். பார்த்தும் சிரித்தாள்.

புது போனைப் பற்றி எழுதவே ஒரு பழைய கணக்கு நோட்டை அவள் ஒதுக்கியிருந்தாள். முதல் பக்கத்தில் 'மதிப்புரை' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"ஏன்டி, இது கொதிக்குது. தோசை ஊத்தலாம் போலருக்கே" என்றாள் அம்மா ஜக்கம்மாள்.

பாண்டீஸ்வரி எழுதினாள்: 'குளிர்காலத்துக்கு ஏற்றது. ஐந்து நட்சத்திரம்.'

மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துபோனது.

'கண்ணுக்கு ஓய்வு தருகிறது. ஐந்து நட்சத்திரம்.'

அப்பா சனிக்கிழமை அதை மலைக்கு எடுத்துப்போனார். அந்த போன் வீட்டு ஆட்களின் முகத்தைப் பார்த்தால்தான் திறக்கும். மலையிலோ குரங்குத் தொப்பி இல்லாமல் காலையில் யாரும் வெளியே வர முடியாது. தொப்பி போட்ட வீரணனை போன் வேறு யாரோ என்று நினைத்துவிட்டது. அன்று சாயங்காலமே அவர் வீடு திரும்பினார்.

"தொப்பியக் கழட்டுனா மூக்கு வெறைக்குது ஆத்தா. போட்டா போன் என்னைய யாருங்குது. இது வீட்டுலயே கெடக்கட்டும்" என்று மகளிடம் சொல்லிவிட்டு அப்பா மறுபடி பழைய பட்டன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

'திருடர்கள் ஏமாந்து போவார்கள். ஐந்து நட்சத்திரம்.'

இணையத்தில் அந்த போனை வாங்கியவர்கள் கருத்து எழுதும் பக்கம் ஒன்று இருந்தது. அங்கே ஒருவர் எழுதியிருந்தார்: 'கேமரா நிறத்தை அள்ளி ஊற்றுகிறது. காய்ந்த புல் பச்சையாகத் தெரிகிறது. எங்கள் வீட்டு மஞ்சள் பூனை ஆரஞ்சுப் பூனை ஆகிவிட்டது.'

அதற்குக் கீழே பாண்டீஸ்வரி பதில் போட்டாள்: 'பூனையை மாற்றவும்.'

ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பா ஜீப்பில் ஒரு மூட்டை ஏலக்காயோடு இறங்கினார். முகம் வாடியிருந்தது.

"ஒணத்துறப்ப சூடு கூடிப்போச்சு. காய் நெறம் வெளுத்துருச்சு" என்றார் அம்மாவிடம். ஏலக்காயில் பச்சைக்குத்தான் மதிப்பு. பச்சை குறைந்தால் மதிப்பும் குறையும். இது சிலமலையில் ஆட்டுக்குக்கூடத் தெரியும்.

"மறைக்க வேணாம். உள்ளத உள்ளபடி சின்ராசுகிட்டக் காட்டுவோம். நா வெள்ளன மலையேறணும். ஆத்தா, நீ நாளைக்குப் பள்ளிக்கூடம் போறப்ப இந்தச் சாம்பிள் கவரக் கடையில குடுத்துட்டுப் போயிரு."

பாண்டீஸ்வரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாம்பிள் கவரா? அவளா? அந்த பஸ்ஸிலா?

"சரிப்பா" என்றாள்.

திங்கட்கிழமை காலை அப்பா கிளம்பியதும், வாசல் வெளிச்சத்தில் ஒரு தட்டில் காயைப் பரப்பிப் படம் எடுத்தாள். படத்தைப் பார்த்ததும் அவளே ஒரு நிமிடம் அசந்துபோனாள். தட்டில் இருந்தது வெளுத்த காய். போனில் இருந்தது கிளிப்பச்சை.

அவளுக்குப் பூனை ஞாபகம் வந்தது. நன்றாகவே ஞாபகம் வந்தது. ஆனால் வெளியே பஸ் ஹாரன் அடித்தது. சின்ராசுவின் நம்பருக்கு அப்பா பெயரைப் போட்டுப் படத்தை அனுப்பிவிட்டு, காயைக் கவரில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஓடினாள்.

அன்று சாயங்காலமே அப்பா மலையிலிருந்து போன் பண்ணினார். "சின்ராசு பேசுனாரு ஆத்தா! காய் ரொம்ப நல்லாருக்காம், உடனே கொண்டாங்கன்றாரு. எங்கண்ணுலதான் கோளாறு போல." அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. பாண்டீஸ்வரி அரிசி டிரம் பக்கம் பார்த்தாள்.

புதன்கிழமை அப்பா மலையிலிருந்து இறங்கி மூட்டையைக் கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தது. பள்ளி விட்டதும் அவள் கடைக்குப் போனாள். பஸ் ஏற அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் கார்த்திகாவும் பின்னால் வந்தாள். அப்பா அப்போதுதான் ஆட்டோவிலிருந்து மூட்டையை இறக்கியிருந்தார். கடையில் இன்னும் இரண்டு விவசாயிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சின்ராசு மூட்டையைப் பிரித்தார். ஒரு கை அள்ளினார். முகம் மாறியது. இன்னும் உள்ளே கைவிட்டு அள்ளினார்.

"என்னண்ணே இது?"

"ஏன் சின்ராசு? நீ பாத்த காய்தான்."

"நா பாத்தது கிளிப்பச்சைக் காய். அத நம்பி மதுரைக்காரவகளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். இத்தன வருசமா ஒங்க வார்த்தைய நம்பிக் காய் எடுத்தேன். போட்டோவுல ஒண்ணக் காட்டி, மூட்டையில ஒண்ணக் கட்டிட்டு வந்துட்டீகளே! இனிமே ஒங்க காயே எனக்கு வேணாம்ணே."

"போட்டோவா?" என்றார் அப்பா. "நா சாம்பிள் கவருல்ல..."

வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். பாண்டீஸ்வரி தன் செருப்பைப் பார்த்தாள். 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா சின்ராசு. நாந்தான் போட்டோ அனுப்பச் சொன்னேன். புது போனு, பழகல. தப்பு எம்மேலதான்."

மூட்டையை அவரே தூக்கி ஆட்டோவில் வைத்தார். டீ குடித்தவர்கள் டம்ளரைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாண்டீஸ்வரிக்கு அந்தத் தரை பிளந்து தன்னை மட்டும் விழுங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. போடித் தரை அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை.

வீட்டில் அப்பா திட்டவில்லை. "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து" என்பதைத் தவிர எதுவுமே பேசவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது இருக்கலாம்.

"ஏம்ப்பா பொய் சொன்னீக?" என்று கடைசியில் அவளே கேட்டாள்.

"அம்புட்டுப் பேரு முன்னாடி ஒம்பேரச் சொல்லவா?" என்றார் அப்பா. சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனார்.

அம்புட்டுப் பேர் முன்னாடி. பஸ்ஸிலும் அம்புட்டுப் பேர் இருந்தார்கள். அங்கே அவள் வைத்த பெயர் கடைசி சீட்டு வரைக்கும் போயிருந்தது.

பாண்டீஸ்வரி போனை எடுத்து, கொடியில் காய்ந்த அப்பாவின் இன்னொரு துண்டைப் படம் எடுத்தாள். வெளுத்துப்போன பச்சைத் துண்டு. போனில் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல இருந்தது.

மறுநாள் காலை அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுக் கவரை எடுத்தாள். புத்தகங்களுக்கு அடியில் வைத்தாள். மேலே அகராதி, அதற்கு மேலே டிபன் பாக்ஸ். ஆனால் ஏலக்காய் வாசத்தை அகராதியால் அமுக்க முடியாது.

பஸ் நகர்ந்ததும் பேச்சிமுத்து மூக்கை உறிஞ்சினான். "ஆகா, கொரியர் வந்துருச்சு!"

எல்லோரும் கார்த்திகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று அவளிடம் கவரே இல்லை. இருந்தாலும் அவள் முகம் சிவந்தது. கை தானாகவே பையை அணைத்தது.

"அவ இல்ல" என்றாள் பாண்டீஸ்வரி. "நாந்தான். எம்பையிலதான் இருக்கு."

பேச்சிமுத்து அவள் பையைப் பார்த்தான். பிறகு கார்த்திகாவின் பையைப் பார்த்தான்.

கடைக்குப் பக்கத்து நிறுத்தத்தில் அவள் இறங்கினாள். திரும்பிப் பார்த்தால் கார்த்திகாவும் இறங்கியிருந்தாள்.

"நீ எதுக்கு?"

"அந்தாளு மொதல்ல முறைப்பாரு. பெறகு நல்லாப் பேசுவாரு. எனக்குப் பழக்கம்" என்றாள் கார்த்திகா.

கார்த்திகா சொன்னபடியே சின்ராசு முறைத்தார். நேற்று டீ குடித்த அதே இரண்டு பேர் இன்றும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கலாமா என்று பாண்டீஸ்வரி ஒரு கணம் யோசித்தாள். பிறகு கவரை மேஜையில் வைத்தாள்.

"சித்தப்பா, அப்பா குடுத்த சாம்பிள் இதுதான். ஞாயித்துக்கெழமையே குடுத்துட்டாரு. உள்ளத உள்ளபடி காட்டணும்னுதான் சொன்னாரு. எனக்கு இதத் தூக்கிட்டு வர வெக்கமா இருந்துச்சு. அதான் போட்டோ எடுத்து அனுப்புனேன். பச்சை கூடத் தெரியுதுன்னு தெரிஞ்சேதான் அனுப்புனேன். அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது. நேத்து அவரு சொன்னது எனக்காகச் சொன்ன பொய்."

கார்த்திகா அவள் பை வாரைப் பிடித்துக்கொண்டாள்.

சின்ராசு காயைக் கையில் கொட்டினார். மறு கையில் தன் போனை எடுத்து அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இம்புட்டுப் பச்சையாவா காட்டும்?"

"எங்கப்பா துண்டு பதினோரு வருசத்துத் துண்டு. அதுவே புதுசாத் தெரியுது சித்தப்பா."

"அப்ப என்னைய எடுத்தா?"

"வேணாம்" என்றாள் கார்த்திகா. "தலை நரைச்சது பச்சையாத் தெரியும்."

டீ குடித்தவருக்குப் புரையேறியது. சின்ராசுவும் சிரித்துவிட்டார். பிறகு காயை மோந்து பார்த்தார். ஒன்றை உரித்து வாயில் போட்டார்.

"நெறம் கொஞ்சம் மட்டுத்தான். ஆனா காய் நல்லாத் தெறண்டிருக்கு, வாசமும் இருக்கு. இதுக்கும் வாங்குற ஆளு இருக்கு. இத மொதல்லயே கொண்டாந்திருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேனே." போனில் நம்பரை அழுத்தினார். "வீரணண்ணே? ஒங்க பிள்ள எல்லாஞ் சொல்லிருச்சு. மூட்டைய வெரசாக் கொண்டாங்க. நேத்து நா பேசுனது தப்புண்ணே. கேட்டவக இங்கதான் இருக்காக, அவக முன்னாடியே சொல்றேன்."

போனின் அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் மெதுவாகக் கேட்டது: "பிள்ள சாப்புட்டுச்சா?"

அப்போதுதான் பாண்டீஸ்வரி அழுதாள்.

அன்று மாலை நோட்டை எடுத்து ஐந்து நட்சத்திரத்தில் இரண்டை அடித்தாள். ஒன்று தொப்பிக்கு. இன்னொன்று பச்சைக்கு. பிறகு இணையப் பக்கத்தைத் திறந்து, முகம் தெரியாத அந்த ஆளுக்கு எழுதினாள்: 'மன்னிக்கவும். பூனை சரிதான்.'

ஒரு மாதம் கழித்து அடுத்த பறிப்புக் காய் வந்தது. இந்த முறை நல்ல பச்சை. அப்பா எதுவும் சொல்லாமலே பாண்டீஸ்வரி ஒரு கவரை எடுத்து நிரப்பினாள்.

பஸ் நிறுத்தத்தில் பேச்சிமுத்து இருந்தான். ஆடும் இருந்தது. ஆடுதான் முதலில் கண்டுபிடித்து, பையை மோந்து பார்த்தது.

"என்ன மேடம், போட்டோ எடுத்து அனுப்பலையா?" என்றான் பேச்சிமுத்து.

கார்த்திகா வந்து, பாண்டீஸ்வரியின் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு ரப்பர் பேண்டு பத்தாது. ரெண்டு போடணும். இல்லாட்டி நோட்டெல்லாம் வாசம் அடிக்கும்." தன் மணிக்கட்டில் கிடந்த ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.

பாண்டீஸ்வரி வாங்கி மாட்டினாள். பஸ் வந்தது. இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பாண்டீஸ்வரி பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.