சொல்லாமல் விட்ட பெயர்

வெள்ளாற்றின் நடுவே, இரு கரையாரும் தமது தமது என்று மார்தட்டிக்கொண்ட அந்த வண்டல் திட்டின்மீது, மேற்கே சாயத் தொடங்கிவிட்ட மார்கழிக் கதிரவன் தன் பொன்னொளியையெல்லாம் வாரி இறைத்துக்கொண்டிருந்தான். நாணல் பூத்துக் குலுங்கியது. நாரைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு திரும்பின. கிழக்கே தென்னஞ்சோலைக்கு மேல் வெளிறிய நிலவு முகம் காட்டியது. இத்தனை அழகும் தென்கரையின் இளந்தளபதி சேந்தன் காரியின் கண்ணில் படவே இல்லை. கதிரவனுக்கும் மேற்குப் பனைகளுக்கும் நடுவே குறைந்துகொண்டே வந்த இடைவெளியைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்புள்ள வாசகர்களே! அவன் ஏன் இப்படி நிலைகொள்ளாமல் தவிக்கிறான் என்று அறிய, அந்த ஆற்றங்கரையின் விசித்திர வழக்கமொன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு தன் போக்கை மாற்றும். திட்டு ஒருமுறை வடகரையை ஒட்டும், மறுமுறை தென்கரையை ஒட்டும். ஆறு செய்த வேலைக்கு மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். ஆண்டுக்கொருமுறை சமாதானம் பேசத் திட்டில் கூடுவார்கள். கூடியதும் முதலில் பழியுரை. வெள்ளைத் துணியால் முகம் மறைத்த ஒருவர், தம் பக்கத்தில் மடிந்தவர்களை "இன்னார், இன்னாரால்" என்று உரைப்பார். எதிர்ப்பக்கத்து உரையாளர் ஒவ்வொரு பழிக்கும் ஒரு பதில் பழி சொல்வார். திட்டில் விளக்கேற்றக் கூடாது. ஆகவே பழி தீர்வதற்குள் பொழுது தீர்ந்துவிடும்; எல்லோரும் மனநிறைவோடு படகேறிப் போய் வாளைத் தீட்டுவார்கள்! பாட்டன் காலந்தொட்டு நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியவர் இல்லை.

இம்முறை காரியின் தமையன் பூவன், வடகரைப் படகொன்றில் கைகள் கட்டப்பட்டுப் பிணையாக இருந்தான். பழியுரையில் கொலையாளி என்று பெயர் சொல்லப்பட்ட பிணையாளி உயிரோடு திரும்புவதில்லை. கார்த்திகை மூடுபனியில் இதே திட்டில் நடந்த சண்டையில் வடகரைத் தளபதி நக்கன் மடிந்தார். உடலருகே பிடிபட்டவன் பூவன். வெட்டியவனோ காரி! தம்பியை ஆற்றில் தள்ளித் தப்பவிட்ட பூவன், "வாயைத் திறந்தாயானால் நம் தாயின்மேல் ஆணை!" என்று சொல்லிவிட்டான். அந்த ஆணைதான் அன்று முதல் காரியின் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

வடகரை உரையாளர் எழுந்தார். துணிக்குள்ளிருந்து வந்தது ஒரு பெண்ணின் குரல்.

"வடகரை அரையன் மகன் ஆரூரன். தென்கரைத் தச்சன் பொற்காரி. வடகரை இடையன் சாத்தன். தென்கரை..."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. இரு கரையின் பெயர்களும் கலந்து வந்தன. "இன்னாரால்" என்பது ஓரிடத்திலும் வரவில்லை. தென்கரை உரையாளரான வேளான் மருதத்தார் திறந்த வாய் மூடாமல் நின்றார். பழியே சாற்றப்படாதபோது அவர் எதற்கென்று பதில் சொல்வார்?

"இது என்ன கூத்து? முறைப்படி உரைக்கச் சொல்லுங்கள்!" என்று வடகரை வீரன் ஒருவன் கத்தினான். வடகரைத் தலைவர் கையை உயர்த்தி அவனை அடக்கினார்.

காரி தமையன் இருந்த படகைப் பார்த்தான். கடைசிப் பெயர் வரப்போகிறது.

"வடகரைத் தளபதி நக்கன்," என்றது அந்தக் குரல். சற்றே நடுங்கி நின்றது. பிறகு, "உரை முடிந்தது," என்றது.

"பெயர் சொல்லப்படவில்லை; பிணையாளியின் கட்டை அவிழுங்கள்," என்றார் வடகரைத் தலைவர். திட்டு முழுவதும் ஒரே ஆரவாரம். அதற்கிடையில் காரி தன்னை அறியாமலே அவளை நெருங்கியிருந்தான். அவள் முகத்துணியை விலக்கினாள்.

காரி திகைத்துப் போனான். கார்த்திகை விடியலில், குருதி சொட்ட ஆற்றில் மிதந்தவனைப் படகில் தூக்கிப் போட்டு, பெயர்கூடக் கேளாமல் தென்கரை சேர்த்த பெண்! அன்று முதல் அவன் உறக்கத்தில் பாதியைத் திருடிக்கொண்டவள்!

"தாங்களா, அம்மணி?"

"நக்கனின் மகள் பூதி," என்றாள் அவள் தணிந்த குரலில். "அன்று தந்தையைத் தேடித்தான் படகெடுத்து வந்தேன். உங்கள் தோளில் தைத்திருந்த இரும்புத் துண்டைப் பிடுங்கினேன் அல்லவா? வீடு திரும்பியபோது தந்தையின் உடலோடு அவர் வாளும் வந்திருந்தது. அதன் நுனி முறிந்திருந்தது."

அவள் விரித்த உள்ளங்கையில் அந்தத் துண்டு கிடந்தது. காரியின் தோள் தழும்பு புதிதாய் வெட்டுண்டதுபோல் எரிந்தது.

"தெரிந்துமா சொல்லாமல் விட்டீர்கள்?"

"பொய்ப் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. மெய்ப் பெயரைச் சொன்னால் மருதத்தார் பதில் சொல்வார், பொழுது போய்விடும். மன்னித்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம், தளபதியாரே. தந்தையின் நினைவு வராத நாழிகை எனக்கு இல்லை. ஆனால் வண்டல் காய்கிறது. அதற்குள் உளுந்து தெளிக்காவிட்டால் இரு கரையிலும் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள்."

காரியின் கண்கள் கலங்கின. "விதைப்பு முடிந்ததும் வாளின்றி வடகரைக்கு வருவேன். அந்தப் பெயரை உங்கள் மன்றத்தில் என் வாயாலேயே சொல்வேன். ஆணையை மீறியதற்காக என் தாயின் காலில் விழுந்து கொள்கிறேன். இது சத்தியம்!"

பூதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் சினம் இருந்தது. சினம் மட்டும்தான் இருந்தது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

"விதைத்தவர் அறுக்கவும் வேண்டும். அறுவடை முடிந்தபின் வாருங்கள்," என்றாள்.

காரி திரும்பி, இரு கரைத் தலைவர்களுக்கும் நடுவே ஈர மண்ணில் அமர்ந்தான். "ஐயன்மீர், இந்த ஆண்டு விதை எந்தக் கரையினுடையது? ஏர் எந்தக் கரையினுடையது?" என்று கேட்டான்.

பனைகளுக்கு மேலே இன்னும் வெளிச்சம் இருந்தது.