கயிற்றின் மறுமுனை

வாடகைக் கார் வாசலில் நின்றபோது நடுப்பகல்தான். ஆனால் மேகம் கவிந்துகிடந்ததில், விளக்கைப் போடலாமா வேண்டாமா என்று தெருவே யோசித்துக்கொண்டிருந்தது.

உடும்பு இறங்கினாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வீடியோ கேம்களைச் சோதித்துக் கோளாறு கண்டுபிடிப்பது அவள் தொழில். ஒரு கோளாறைப் பிடித்துவிட்டால், அது தீரும்வரை சோறு தண்ணி இறங்காது. அதனால் அண்ணன் வைத்த பட்டப்பெயர் இது. வைத்தவன் போய்விட்டான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மாடியில் குடித்தனம், கீழே பட்டறை என்று அண்ணன் வாழ்ந்த வீடு. அவன் போன பிறகு அவள் இந்தப் படியை மிதிப்பது இதுதான் முதல் தடவை. அழைப்புமணியை அழுத்தப் போன விரல் ஒரு நிமிடம் தயங்கியது.

கதவு தானாகத் திறந்தது. அண்ணி நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் துணிக்கட்டு.

"கையில என்ன அண்ணி?"

"தோட்ட வேலை."

அந்த வீட்டில் தோட்டம் கிடையாது. பின்பக்கம் சிமெண்டுத் தரை, நடுவே ஒரு பழைய கிணறு. அவ்வளவுதான்.

பட்டறையில் ஈ காக்கை இல்லை. எல்லோருக்கும் லீவு கொடுத்துவிட்டதாக அண்ணி சொன்னாள். "நீ டெஸ்ட் பண்றப்ப பின்னாடி நின்னு எவனாவது மூச்சு விட்டாலே உனக்கு ஆகாதே."

அது உண்மைதான். இன்றைய சோதனை சாதாரணமானதும் அல்ல. சாயங்காலத்துக்குள் உடும்பு "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால், பெரிய கம்பெனியின் புதிய கேம் கன்சோலோடு அண்ணன் செய்த கருவியும் வீடு வீடாகப் போகும். "சரியில்லை" என்றால் கம்பெனிக்காரர்கள் வழக்கமான பொத்தான் கருவிக்கே திரும்பிவிடுவார்கள். பட்டறைக்குப் பூட்டு. அண்ணிக்கு மிஞ்சியது இந்தப் பட்டறைதான்.

சுவரோர அலமாரியில் அண்ணனின் கிறுக்குத்தனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஊதினால் திரையில் கப்பல் நகரும் குழல். ஏறி நின்று சாய்ந்தால் பறக்கும் பலகை. கட்டிப்பிடித்தால் திரையில் குழந்தையின் அழுகையை நிறுத்தும் தலையணை. கம்பெனிக்காரர்கள் சிரித்தபோதெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான். "பொத்தான அமுக்குறது கட்டைவிரல் மட்டும்தான் சார். மிச்ச உடம்பு சோபால சும்மா கெடக்கு. அதுக்கும் ஒரு வேலை குடுப்போமே."

கடைசியில் அவர்கள் சிரிக்காமல் வாங்கிப் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான்.

கயிறு.

செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் வாயிலிருந்து தொங்கும் கயிறு. உள்ளே ஒரு சின்ன உருளை, அதைச் சுற்றும் மோட்டார். இழுத்தால் இரண்டு கை நீளம் வரும், அதற்கு மேல் வராது. நாம் இழுத்தால் அதுவும் பதிலுக்கு இழுக்கும். ஆட்டத்தில் நீங்கள் ஒரு இருண்ட பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறீர்கள். உள்ளே ஒருவன் விழுந்து கிடக்கிறான். திரையில் அவனைக் காட்டவே மாட்டார்கள். கயிறுதான் பேசும். ஒரு சுண்டு சுண்டினால் 'இருக்கேன்'. இரண்டு என்றால் 'தூக்கு'. மூன்று என்றால் 'விட்டுடு'.

மோட்டாருக்கு எப்படி இழுப்பது என்று தெரியாதே? அதற்காக அண்ணன் பின்பக்கக் கிணற்றில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, அதன் இழுவையைப் பெட்டியில் பதிவுசெய்தான். கயிற்றில் உயிர் இல்லை. "மூட்டைக்குப் பயம் தெரியாதுல்ல" என்றான். பிறகொரு நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து, பெட்டியைக் கிணற்று மேட்டில் கட்டி, அதன் கயிற்றோடு நீளக் கயிறொன்றை முடிந்து, தானே இறங்கினான்.

கயிறு அறுந்தது. மறுநாள் காலையில் அவனைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள்.

விழும்போதே தலையில் அடி, ஒன்றும் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் குடும்பமே எழுந்து நடமாடுகிறது.

உடும்பு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தாள். அண்ணி திரையை உயிர்ப்பித்தாள்.

இருட்டு. பள்ளத்தின் விளிம்பு. எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசை.

கயிறு மெல்ல இறுகியது. அடேயப்பா. ஒரு ஆளின் கனம் அப்படியே உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது. பயத்தில் நடுங்கும் நடுக்கம் மணிக்கட்டு வரை ஏறியது. இத்தனை வருடச் சோதனையில் இப்படி ஒன்றை அவள் கை கண்டதில்லை.

இரண்டு சுண்டு. தூக்கு.

அவள் இழுத்தாள். கயிறு கையில் லேசாக வலப்பக்கம் முறுக்கிக்கொண்டது, ஈரத்துணியைப் பிழிவது போல.

உடும்பின் கை நின்றது.

சின்ன வயதில் கதவிடுக்கில் சிக்கி, அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போய்விட்டன. அவன் எந்தக் கயிற்றை இழுத்தாலும் அது வலப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் சொல்லிவிடுவாள், அது அவன் கை என்று.

"அண்ணி, இது எந்தப் பதிவு?"

"கடைசியா எது இருக்கோ அதைத்தான் எடுத்துக்கும். அவர் பண்ணின ஏற்பாடுதானே."

பட்டறையின் வழக்கம் அது. புதிதாகப் பதிந்ததுதான் உசத்தி. எதைச் சேர்ப்பது என்று யாரும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், கணினியே கடைசிப் பதிவை எடுத்து ஆட்டத்தில் கோத்துவிடும். இத்தனை பேர் வேலை செய்த இடத்தில், அந்தக் கடைசிப் பதிவு எது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

உடும்பு கணினிக்குத் தாவினாள். பதிவைத் திறந்தாள். திரையில் இரண்டு கோடுகள் நீண்டன. ஒன்று இழுவை, மற்றொன்று முறுக்கு.

முதலில் நிதானமாக இறங்கும் ஆள். பிறகு ஒரு பெரிய அதிர்வு. அதன் பிறகு இரண்டு இரண்டாகச் சுண்டல்கள். தூக்கு. தூக்கு. தூக்கு. பக்கம் பக்கமாக அதுவேதான். ஒவ்வொன்றிலும் அந்த வலப்பக்க முறுக்கு.

ஒன்றும் தெரியாமல் போகவில்லை. எல்லாம் தெரிந்திருக்கிறது.

கண் மறைத்த நீரைத் துடைத்துக்கொண்டு அவள் கடைசிப் பகுதிக்குப் போனாள். அங்கே சுண்டல்கள் மாறியிருந்தன. மூன்று. மறுபடி மூன்று. விட்டுடு. முழுகிக்கொண்டிருப்பவன் எதற்காக விடச் சொல்கிறான்?

அடுத்து, பதிவு முடிவதற்கு முன், ஒரே ஒரு இழுவை. நீண்டது. நிதானமானது. எந்த மனிதனின் கனத்தையும் விடப் பல மடங்கு கனமானது. கயிறு அறுந்தது அதில்தான்.

அதில் முறுக்குக் கோடு தட்டையாகக் கிடந்தது.

அண்ணன் கை இல்லை.

"அண்ணி," என்று திரும்பினாள். "கிணத்துல அண்ணனைத் தவிர வேற என்ன இருந்துச்சு?"

அண்ணியின் கண் கயிற்றின் மேலேயே இருந்தது. உடும்பு பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் அடங்கியது. தரையில் உட்கார்ந்து, உயிரற்ற கயிற்றை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மடியில் கிடந்த கயிறு சுண்டியது.

இரண்டு தடவை.

உடும்பு கயிற்றை மடியிலிருந்து உதறினாள். நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளில் சிரித்த அதே சிரிப்பு.

"எனக்கு மட்டும்தான் வருதுன்னு நெனச்சேன்," என்றாள் மெதுவாக. "உனக்கும் வருது பாத்தியா."

அண்ணி எழுந்து போய், மூலை மேஜையைத் தரைவரை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினாள்.

பாசி நாற்றம் குப்பென்று அறைந்தது.

மேஜைக்கு அடியில் கயிறு. சுருள் சுருளாக, குவியல் குவியலாக, பச்சைப் பாசி படிந்து, தண்ணீர் கசிந்தபடி. அந்தக் குவியலின் ஒரு நுனி தரையோடு தரையாக ஓடி, கறுப்புப் பெட்டியின் பின்புறத்துக்குள் புகுந்திருந்தது. இரண்டு கை நீளம் மட்டுமே கொள்ளும் பெட்டி.

"தினம் மத்தியானம் எல்லாரையும் அனுப்பிடுவேன்," அண்ணியின் குரலில் தாலாட்டும் தொனி. "உக்காந்து இழுப்பேன். கொஞ்சம் கொஞ்சமா மேல வர்றாரு. நேத்தைக்கு இன்னும் லேசாயிடுச்சு. சுவத்துல கால் ஊனிட்டாரு போல."

துணிக்கட்டு நனைந்து சிவந்திருந்ததை உடும்பு அப்போதுதான் கவனித்தாள்.

பெட்டியின் வாயிலிருந்து கயிறு மறுபடி சுண்டியது. இரண்டு. அண்ணி பாய்ந்து வந்து பற்றினாள். கை மேல் கை மாற்றி இழுக்கத் தொடங்கினாள். கயிறு வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஈரமாக, சில்லென்று, தரையில் சொத்சொத்தென்று விழுந்தது.

உடும்பும் பிடித்தாள், நிறுத்துவதற்காக. பிடித்த மாத்திரத்தில் கைக்குத் தெரிந்துவிட்டது.

கயிறு நேராக இருந்தது. நூல் பிடித்தது போல நேராக.

"அண்ணி, இது அண்ணன் இல்ல."

"பைத்தியமா உனக்கு?"

"முறுக்கே இல்ல பாருங்க. அண்ணன் இழுத்தா கயிறு திரும்பும். உங்களுக்குத் தெரியாதா?"

"தண்ணிக்குள்ள கிடந்தவரு. கை மரத்துப் போயிருக்கும்." அண்ணி இழுப்பதை நிறுத்தவில்லை. "விடு. நான் அவரை வெளிய எடுக்கப் போறேன்."

பின்பக்கத்தில், கிணற்றின் மேல் போட்டிருந்த இரும்பு வலை கிறீச்சிட்டது. ஒரே ஒரு தடவை. அடியிலிருந்து யாரோ தலையால் முட்டிப் பார்த்தது போல.

கயிறு திடீரென்று கனம் குறைந்து தொளதொளத்தது. வருகிறவனுக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டது.

உடும்பு அண்ணியின் இரண்டு கைகளையும் தன் கைகளால் மூடினாள். கயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். பிறகு தொழிலில் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். கேட்டுப் பார்த்தாள்.

ஒரே ஒரு சுண்டு. இருக்கியா?

உடனே பதில் வந்தது. நேரான, பலமான, அவசரமான இரண்டு.

தூக்கு.

"அண்ணா," அவள் கிசுகிசுத்தாள். "நீ சொல்லு."

மீண்டும் ஒரு சுண்டு கொடுத்தாள்.

எதுவும் இல்லை. தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும்.

அப்புறம், எங்கோ வெகு ஆழத்திலிருந்து, அந்தக் கனத்துக்கெல்லாம் கீழேயிருந்து, மிக மெலிதாக வந்தது. கயிறு அவர்கள் கைக்குள் வலப்பக்கம் முறுக்கிக்கொண்டது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

அண்ணியின் உதடு கோணியது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. அத்தனை வருடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த கை அது.

"விடச் சொல்றாரா?" குழந்தை கேட்பது போலக் கேட்டாள்.

"ஆமா அண்ணி."

"அவர் அங்கயே இருக்காரு. நான் விட்டா..."

உடும்பு என்று பெயரெடுத்தவள், பிடித்த எதையும் விட்டறியாதவள், அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

கயிறு பறந்தது.

குவியல் மொத்தமும் சீறிக்கொண்டு பெட்டிக்குள் ஓடியது. மேஜை புரண்டது. பெட்டி தரையில் இழுபட்டுப் போய்ச் சுவரில் மோதி நின்றது. வெளியே, நெடுநேரம் கழித்து, கிணற்றுக்குள் ஏதோ கனமாக விழுந்த ஓசை.

அவ்வளவுதான். பெட்டியின் வாயில் இரண்டு கை நீளக் கயிறு, காய்ந்து போய், ஒன்றும் தெரியாத பிள்ளை போல் தொங்கியது.

அண்ணி அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

அந்தப் பதிவை அழித்தார்கள். பெட்டியைச் சுத்தியலால் உடைத்து எரித்தார்கள். கிணற்றை மண் கொட்டித் தூர்த்து, மேலே கான்கிரீட் போட்டார்கள். கம்பெனிக்காரர்களிடம் அண்ணி மன்றாடி அவகாசம் வாங்கினாள். ஒரு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியில், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு உடும்பே தொங்கினாள். மேலே புதுப் பெட்டியொன்றைப் பிடித்துக்கொண்டு பட்டறை ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். புதிய பதிவு ஆட்டத்தில் ஏறியது. அவளே சோதித்தாள். அலுக்காமல் திரும்பத் திரும்பச் சோதித்தாள். பிறகுதான் "சரி" என்றாள்.

கயிறு வீடு வீடாகப் போனது. கடைகளில் வந்த சுவடு தெரியாமல் தீர்ந்தது. கன்சோலை வாங்கியவர்கள் கயிற்றுக்காகவே வாங்கியதாகச் சொன்னார்கள்.

வெயில் பளிச்சென்று அடித்த ஒரு காலையில், நாத்தனாரும் அண்ணியும் பட்டறையில் காபியோடு உட்கார்ந்து, வாங்கியவர்கள் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்கள். சோபாவை விட்டு எழாத கணவர் கயிற்றை இழுத்து இழுத்துத் தொப்பை குறைந்த கதையை ஒரு பெண் எழுதியிருந்தாள். அண்ணி சிரித்தாள். "இதைப் படிச்சிருந்தா அவர் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாரு," என்றாள்.

உடும்பு அடுத்ததைத் திறந்தாள். எழுதியவர் ஒரு தாய்.

'கேமை விட எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி வச்ச பிறகும் பெட்டி ரெண்டு தடவை செல்லமா இழுத்துக் கூப்பிடுது. யார் யோசிச்ச ஐடியாவோ, அருமை. பொண்ணு தினமும் பதிலுக்கு இழுத்து விளையாடுறா. கயிறு இவ்வளவு நீளம் வரும்னு விளம்பரத்துல போடவே இல்லையே?'

அதன் கீழே யாரோ: 'எங்க வீட்லயும்.'

அதற்கும் கீழே: 'எங்க வீட்லயும். ஈரமா இருக்கே, உங்களுக்கும் அப்படித்தானா?'

அண்ணியின் கையிலிருந்த காபி மேஜையில் கொட்டியது. இருவரும் அதைத் துடைக்கவில்லை.

அந்தத் தாய் ஒரு படமும் இணைத்திருந்தாள். தோளில் கயிற்றுச் சுருளை மாலை போல் போட்டுக்கொண்டு, பல் விழுந்த வாயால் சிரிக்கும் சிறுமி. அவளுக்கும் பெட்டிக்கும் நடுவே கயிறு விறைத்து நின்றது.

அதில் ஒரு முறுக்குகூட இல்லை.