நாற்பத்தேழாம் பாட்டில்

"ஐயோ... கண்ணு!"

மழைக்குக் குனிந்தபடி ஓடிவந்த ஹெய்டி திடுக்கிட்டு நின்றாள். அவள் குடைக் கம்பி யாரையோ பதம் பார்த்துவிட்டது. தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கும் படியில், உப்பில்லாத பிஸ்கட் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் இளைஞன் ஒரு கண்ணை மூடியபடி நின்றிருந்தான்.

"சாரி... சாரி! ரொம்பக் குத்திடுச்சா?"

"பரவாயில்லைங்க, இன்னொண்ணு இருக்கு. என்ன... பீரோட நிறம் பார்த்து மார்க் போடணும். ஒத்தைக் கண்ணுன்னா பாதி மார்க்தான் விழும்."

"நடுவரா நீங்க? அட கடவுளே... நல்ல ஆளைப் பார்த்துத்தான் குத்தியிருக்கேன்!"

அவன் சிரித்துக்கொண்டே மூடிய கண்ணைத் திறந்தான். மழைக்கு முந்தைய மிச்சிகன் ஏரியின் சாம்பல் நிறம்... ஹெய்டி அவசரமாகக் குடையை மடக்கினாள். மடக்கத் தெரியாதவள் போல இரண்டு முறை தடுமாறினாள்.

அந்த ஏரிக்கரை ஊரான ஷெபாய்கனில், வீட்டில் பீர் வடிப்பவர்களுக்கு மே மாதத்தின் இந்தச் சனிக்கிழமை ஒரு சின்னத் திருவிழா. பாஸ்டர் ஜெபம் சொல்லி முடித்ததும் இந்தக் கீழ்த்தளத்தில் போட்டி தொடங்கும். ஹெய்டியும் பீர் அனுப்பியிருந்தாள். செக் நாட்டு வகை. எட்டு வாரம் குளிரில் வைத்து, குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டது.

பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் அவளுக்கு, வார இறுதியில் அடுப்பில் ஏறும் அந்தப் பீர் அண்டாதான் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் கர்ட் கல்லைப் போட்டான். கல்யாணம் வரை வந்து விலகிப் போனவன். "இது பீரா? பாத்திரம் கழுவத்தான் லாயக்கு" என்று நண்பர்கள் நடுவே சொல்லிச் சிரித்தான். அவன் போய் ஒரு வருடம் ஆகிறது. சிரிப்பு மட்டும் போகவில்லை. ஐம்பதுக்கு முப்பதாவது வாங்க வேண்டும்... இல்லாவிட்டால் அண்டாவை விற்றுவிட வேண்டும். அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

போட்டியில் அவள் தொண்டரும்கூட. பாட்டில்களை நடுவர் மேசைக்கு எடுத்துப் போகும் வேலை. தன் பீர் இருக்கும் மேசையில் தொண்டர் நிற்கக் கூடாது என்பது விதி. ஆகவே செக் மேசையை விட்டுவிட்டு ஜெர்மன் மேசையைக் கேட்டு வாங்கினாள். அங்கே போனால்... அந்தச் சாம்பல் நிறக் கண்கள்!

"கண்ணு எப்படி இருக்கு?"

"உங்களைப் பார்க்கிற அளவுக்குத் தெரியுது" என்றான் எமரி. சொன்னபின் அவன் காது சிவந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த நடுவர் டோரிஸ் தொண்டையைக் கனைத்தார். "எமரி, மோந்து பார்க்க வேண்டியது பீரை. அம்மா ஹெய்டி, அடுத்ததைக் கொண்டா."

பெயரில்லாத பழுப்பு பாட்டில். யாருடையது என்று தெரியாதபடி மூடியில் கறுப்பு மை. கழுத்தில் போட்டிக்காரர்கள் ஒட்டிய ஓர் எண்... நாற்பத்தேழு. ஹெய்டி திறந்து கொடுத்தாள்.

டோரிஸ் மூக்கைச் சுருக்கினார். "வெண்ணெய்! சுத்தமான வெண்ணெய் வாசம். ஜெர்மன் வகையில இது வரவே கூடாது. கையேடு தெளிவாச் சொல்லுது. பதினேழு."

எமரி கோப்பையை ஹெய்டியிடம் நீட்டினான். தொண்டர்கள் குடிப்பதில்லை, முகர்ந்து மட்டும் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"நம்ம ஊரு வெள்ளிக்கிழமை மீனை வெண்ணெய்க்குப் பதில் இதுலயே வறுத்துடலாம் போலிருக்கே!"

டோரிஸும் சிரித்துவிட்டார். எமரி மட்டும் சிரிக்கவில்லை.

"யாரோ ரெண்டு மாசம் இதைக் காத்திருந்து பார்த்துக்கிட்டிருக்காங்க. அவங்க இந்த ஹால்லயேகூட நிக்கலாம். சிரிக்க வேண்டாமே..."

மென்மையாகத்தான் சொன்னான். ஆனாலும் ஹெய்டியின் முகம் சுண்டியது. அவன் குனிந்து எழுதத் தொடங்கினான். எழுதினான்... எழுதிக்கொண்டே இருந்தான்.

"என் கணக்குல இருபத்தாறு" என்றான்.

"உனக்கும் எனக்கும் ஏழு மார்க்குக்கு மேல வித்தியாசம் வரக் கூடாதுப்பா. ஒன்பது வருது."

"அப்போ இன்னொரு தடவை குடிச்சுப் பாருங்க, டோரிஸ். குறை எனக்கும் தெரியுது. அதைத் தாண்டி எவ்வளவு பொறுமையா செஞ்சிருக்காங்கனு பாருங்க."

டோரிஸ் இன்னொரு மடக்குக் குடித்தார். ஜன்னலைப் பார்த்தார். "பிடிவாதக்காரன்" என்று முணுமுணுத்தபடி தன் எண்ணை உயர்த்தினார். கடைசியில் இருபத்துமூன்றில் நின்றது.

முகம் தெரியாத ஒருவருக்காக இப்படி வாதாடுகிறானே... ஹெய்டிக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

மாலையில் அவரவர் உறைகளைக் கொடுத்தார்கள். மூலைக்குப் போய் ஹெய்டி தன் உறையைப் பிரித்தாள்.

இருபத்துமூன்று. பாட்டில் எண் நாற்பத்தேழு. கீழே நடுவர் பெயர்... எமரி லுண்ட்.

என் பீரா? நானா அதைப் பார்த்துச் சிரித்தேன்?

"என்ன, எவ்வளவு வந்துச்சு?" பின்னால் எமரியின் குரல், ஆவலாக. "நீங்களும் அனுப்பியிருக்கீங்கனு டோரிஸ் சொன்னாங்க."

தாளைப் படக்கென்று மடித்தாள். "எவ்வளவு வந்தா உங்களுக்கு என்ன? ஒரு மடக்குக் குடிச்சுட்டு அடுத்தவங்க உழைப்புக்கு நம்பர் போடறவங்கதானே நீங்க!"

அவன் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டே மழைக்குள் ஓடினாள்.

காரில் உட்கார்ந்து அழுதாள். அண்டாவை நாளைக்கே விற்றுவிடலாம். அப்புறம் என்ன தோன்றியதோ... தாளை மறுபடி விரித்தாள். இரண்டு பக்கமும் நெருக்கமான கையெழுத்து.

'இந்த வகையில் வெண்ணெய் வாசம் குறைதான். அதனால் மதிப்பெண் குறைந்தது. ஆனால் செக் வகையில் இதே வாசம் லேசாக இருக்கலாம், அழகும்கூட. வகையை மாற்றிப் பதிந்துவிட்டீர்களோ என்று சந்தேகம். பதிந்த வகைப்படிதான் நாங்கள் தீர்ப்பளிக்க முடியும், மன்னியுங்கள். மேசையில் மிஞ்சியதை நானே குடித்து முடித்தேன். எங்கள் மேசையில் மிச்சம் வைக்காத பாட்டில் இது ஒன்றுதான். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.'

கைப்பேசியில் தன் பதிவைத் தேடினாள். வகைப் பட்டியலில் ஒரு வரி மாற்றி அழுத்தியிருந்தாள். செக்குக்குப் பதில் ஜெர்மன்... அவளே செய்த பிழை!

வெட்கத்தைவிட வேறொன்று அதிகமாகச் சுட்டது. அந்த மேசையில் அவள் சிரித்தது கர்ட்டின் சிரிப்பு. எந்தச் சிரிப்பு ஒரு வருடம் அவளை அழ வைத்ததோ, அதையே யாரென்று தெரியாத ஒருவர் மீது வீசியிருந்தாள். நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடினாள். ஆண்டவரே... அந்த ஒருவர் நானாகவே இருந்ததற்கு நன்றி.

இறங்கினாள். குடையை எடுக்கவும் மறந்தாள்.

எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். தேவாலயத்துச் சமையலறையில் எமரி தனியாகக் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தான். ஹெய்டி ஒரு துண்டை எடுத்துப் பக்கத்தில் நின்று, ஈரக் கோப்பை ஒன்றைத் துடைக்கத் தொடங்கினாள்.

"நாற்பத்தேழு... என்னுது."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எமரி கோப்பையைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினான்.

"உங்களுதா? ஆனா நீங்கதானே மீன் வறுக்கலாம்னு..."

"நானேதான். என்னையே நான் வறுத்துக்கிட்டேன்." சிரிக்கப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "நீங்க சிரிக்க வேண்டாம்னு சொன்னீங்களே... அது எனக்காகத்தான்னு தெரியாமலே சொன்னீங்க. நான் உங்க மேல எரிஞ்சு விழுந்தேன். மன்னிச்சிடுங்க."

"பட்டியல்ல வரி மாறிடுச்சா?"

"ம்... வரி மாறிடுச்சு."

"இருந்தாலும் இருபத்துமூணை என்னால மாத்த முடியாது, ஹெய்டி."

"மாத்தினா உங்களை நம்பவே மாட்டேன்."

எமரி குழாயை மூடினான். கையைத் துடைக்கக்கூட இல்லை.

"ஒண்ணு சொல்லவா? காலையிலேர்ந்து எனக்கு ஒரே குழப்பம். பாட்டில் கொண்டுவந்த பொண்ணை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அந்தப் பீரை வடிச்ச கையையும் பிடிச்சுப்போச்சு... யாரோட கைன்னே தெரியாம. ஒரே நாள்ல ரெண்டு பேரா, இது தப்பில்லையானு மனசுக்குள்ள சண்டை." ஈரக் கையாலேயே நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "ரெண்டும் நீங்கதான்... கடவுளுக்கு என் மேல இவ்வளவு கருணையா?"

ஹெய்டியால் நிமிர முடியவில்லை. கையிலிருந்த கோப்பை எப்போதோ காய்ந்துவிட்டது. அதையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அடுத்த சனிக்கிழமை..." என்றாள் மெல்ல, "காலைல ஏழு மணிக்கு அண்டாவை அடுப்புல ஏத்தறேன். நீங்க வரணும். மார்க் போட இல்ல..."

"பின்னே?"

"கிளறிவிட எனக்கு ஒரு ஆள் வேணும்... எப்பவும்."