முத்தம்மாவின் மிச்சம்

ஜாடியில் இருந்த ஃபார்மலின் மறுபடியும் சிவந்திருந்தது. காலையிலிருந்து டாக்டர் உம்மே ஹானி அதை இரண்டு முறை மாற்றிவிட்டாள். உடலிலிருந்து அறுத்தெடுத்த எதுவும் அந்தத் திரவத்தில் ஓரிரவு கிடந்தால் வெளிறி இறுகிவிடும்; அப்புறம் ரத்தம் கசியாது. இது ஐந்து நாளாகக் கிடக்கிறது.

காணும் பொங்கல். தேனாம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த ஆய்வகத்தில் அவள் மட்டும்தான் பணியில் இருந்தாள். ஏசியின் உறுமலுக்கும், கண்ணைக் கரிக்கும் நெடிக்கும் நடுவே, கடற்கரைக்குப் போகும் கூட்டத்தின் ஊதல் சத்தம் மேலே தெருவிலிருந்து எங்கோ தண்ணீருக்கடியில் கேட்பதுபோல அமுங்கிக் கேட்டது.

ஜாடியில் ஒட்டியிருந்த பெயர் முத்தம்மா. நாற்பத்தாறு வயது. இதயத்தின் இடது மேலறையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி, நுங்குபோல வழுவழுப்பாக, ஒரு காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அறுவையில் முழுதாக எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே அதில் ஒட்டியிருந்த ரத்தக்கட்டி ஒன்று பிய்ந்து மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டது. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்றவள், மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

உம்மே ஹானி ஜாடியை விளக்கருகே திருப்பினாள். காம்பு வெட்டுப்பட்ட இடத்திலிருந்து வெட்டிவேர்போல மெல்லிய சிவப்பு இழைகள் இறங்கியிருந்தன. முதல்நாள் எடுத்த படத்தைக் கணினியில் திறந்து பார்த்தாள். அதில் இழைகள் இல்லை.

கதவு தட்டப்பட்டது. வெளுத்த சட்டை போட்ட ஒருவர், செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"டாக்டரம்மா, நான் அங்கமுத்து. முத்தம்மா வூட்டுக்காரன்."

"சொல்லுங்கண்ணே."

"நேத்து அடக்கம் பண்ணோம். அவ நெஞ்சுலேர்ந்து எடுத்தது இங்க கீதுன்னு சொன்னாங்க. முழுசா அனுப்பலயேன்னு மனசு கேக்கல."

"ரிப்போர்ட் முடியாம தர முடியாதுண்ணே. ரூல்ஸ் அப்படி."

"தர வேணாம்மா. ஒருவாட்டி பாத்துக்கறேன். மூணு நாளா பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லாமப் போய்ட்டா."

அவளைப் பெற்ற அத்தா இறந்த மதியம், அவள் இதே மேசையில் வேறு யாருடைய ஜாடியையோ திறந்துகொண்டிருந்தாள். கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்த நினைப்பில், கூடாது என்று தெரிந்தே ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அங்கமுத்து உட்கார்ந்து ஜாடியை மடியில் வைத்துக்கொண்டார்.

"முத்தம்மா," என்றார் மெதுவாக.

கட்டி அசைந்தது.

அவர் கை நடுக்கமாக இருக்கும் என்று நினைத்தாள். கை ஆடவில்லை.

"ரேசன் கார்டு எங்க வெச்ச? பொண்ணு கேக்குது."

கட்டியின் நடுவில் ஒரு பிளவு விரிந்தது. மூடியது. மறுபடி விரிந்தது. இழைகள் கண்ணாடியோரமாக, அவர் குரல் வந்த பக்கம் ஊர்ந்தன. உம்மே ஹானி இருபது வருடம் படித்ததில் எந்தப் பக்கத்திலும் இது இல்லை.

"அண்ணே, குடுங்க."

"இரும்மா. பேசறா."

"அண்ணே."

மூடி திருகும் சத்தம். நெடி குப்பென்று எழுந்தது. நெடிக்கு அடியில் வேறொரு வாசம். ஈரம். சூடு. உயிருள்ள ரத்தம்.

அவர் கையை உள்ளே விட்டார்.

அவள் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை. இழைகள் ஒவ்வொன்றாக அவர் விரலில் சுற்றின. ஒன்று நகத்துக்கு அடியில் நுழைந்தது. பிறகு இன்னொன்று. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் மோவாயில் வழிந்து ஜாடிக்குள் சொட்டியது.

"சில்லுனு கீதும்மா இவளுக்கு," என்றார். "இத்தினி நாளு குளிர்ல போட்டு வெச்சிகிறீங்க."

மணிக்கட்டில் ஒரு நரம்பு கறுத்துப் புடைத்தது. துடித்தது. முழங்கையை நோக்கி மெல்ல ஏறியது. இன்னொரு கையால் அவர் சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி, அது நெஞ்சுக்கு வர வழிவிட்டு உட்கார்ந்திருந்தார்.