சந்தியாகு வீட்டுப் பலகை

காலை ஆறரை மணி. பொற்கொடி குருசடித் தெருவுக்குள் நுழைந்ததும் முதல் வாசலில் தொங்கிய பலகை பேசியது.

"இதைத் தேர்ந்தவர் ராயப்பன். ஏணி. ஓராள் விழுந்து கை முறிந்தது."

குழாயடியில் நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2091-ம் ஆண்டுத் தூத்துக்குடிக்கு இது பழகிய சத்தம். காடுகள் கையளவாகச் சுருங்கிய பிறகு வந்தது மரப்பொறுப்புச் சட்டம். விற்கும் ஒவ்வொரு மரச் சாமானுக்குள்ளும் 'நினைவுநார்' என்ற மெல்லிய சிப் இழை ஓடும். வாங்கும்போது விரல்ரேகை வைத்தவரின் பெயர் அதில் ஏறும். மரம் முறிந்து யாருக்காவது காயம் பட்டால், முறிந்த துண்டு ரேகைக்காரரின் வீடு தேடி வந்துவிடும். ஓராண்டு வாசலில் தொங்கி, கடந்து போகிற ஒவ்வொருவரிடமும் பேசும்.

ஏழாவது வீடு. பொற்கொடி தயங்கி நின்றாள். பலகை தயங்கவில்லை.

"இதைத் தேர்ந்தவர் சந்தியாகு. சுமைத்தட்டு. இசக்கியம்மாளுக்கு வலது காலில் இரண்டு விரல்கள் போயின."

அவள் காது மடல் சுட்டது. சந்தியாகு அவளுடைய வெள்ளரிப்பிஞ்சு ஏற்றுமதி கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் பொறுப்பாளர். ரேகை அவருடையது. தேர்வு அவளுடையது.

இரண்டு மாதம் முன்பு, சுமைத்தட்டு விற்கும் பேலட் கிடங்கில் நடந்தது அந்தத் தேர்வு. தேர்வுமேசையின் திரையில் இரண்டு தட்டுகள் தெரிந்தன. ஒன்று, இலேசான பைன் மரம், எழுநூறு கிலோ தாங்கும், கையிருப்பு உண்டு. மற்றது, நான்கு பக்கமும் ஃபோர்க்லிஃப்ட் நுழையும் கடின மரக் கட்டைத் தட்டு; ஆயிரத்தைந்நூறு தாங்கும்; பதினோரு நாள் காத்திருக்க வேண்டும். கப்பலோ மறுநாள்.

"சுமை எவ்வளவு?" என்று மேசை கேட்டது.

பீப்பாயில் உப்புநீரோடு போகும் வெள்ளரிப்பிஞ்சுக்கு எடை இரண்டு. உப்புநீரை வடித்துவிட்டுப் போடுவது விலைக்கான எடை. நான்கு பீப்பாய்க்கு அறுநூறு கிலோ. நீரோடு நிறுத்தால் ஆயிரத்தைத் தாண்டும்.

"அறுநூறு," என்றாள் பொற்கொடி.

"மேடம், அது வடிச்ச எடையில்லா? உப்புத்தண்ணியும் சேந்துதான தட்டு மேல ஏறும்?"

"பில்லுல இருக்கிறதுதான் எடை, அண்ணே. ரேகைய வைங்க. எனக்கு போன் வருது."

போன் எதுவும் வரவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. வைத்துவிட்டார். மறுநாள் கப்பலுக்கு ஏற்றும்போது தட்டு முறிந்து, சுமை ஏற்றும் தொழிலாளி இசக்கியம்மாளின் காலில் பீப்பாய் விழுந்தது.

பொற்கொடி கதவைத் தட்டினாள். திறந்தது சந்தியாகுவின் மனைவி ஜெபமாலை.

"வாங்க. பலகையக் கேக்க வந்தீங்களா? காசில்லாத ரேடியோ. நாள் பூரா ஒரே பாட்டு."

"சும்மா இரு, ஜெபம்," என்றபடி சந்தியாகு வந்தார். "உக்காருங்க மேடம். அடுத்த ஷிப்மெண்டுக்கு எதுவும் சிக்கலா?"

அந்தக் கேள்வி அவளைக் குறுக்கியது. "கோயில் சப்பரத்துக்கு மரம் பாக்கப் போகலியாண்ணே? வருஷா வருஷம் நீங்கதான..."

"இந்த வருஷம் வேற ஆளப் போட்டுட்டாங்க."

"மரம் பாக்கத் தெரியாதவனாம்," என்றாள் ஜெபமாலை. "கோயில் மீட்டிங்ல சொல்லிச் சிரிச்சிருக்காங்க. இந்த மனுசன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசணுமே!"

"என்னன்னு பேசச் சொல்லுத? ரேகை என்னுதுதான?"

பொற்கொடி எழுந்து வாசலுக்குப் போனாள். கொக்கியிலிருந்து பலகையைக் கழற்றினாள். முறிந்த முனையில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது.

"மேடம், என்ன செய்யுதீங்க? ஏறின பேரு இறங்காது. உங்க வாசல்ல மாட்டினாலும் எம்பேரத்தான் சொல்லும்."

"தெரியும்ணே."

ஓராண்டு தொங்க வேண்டும் என்பதுதான் சட்டம். உரியவர் கொடுத்தால் வேறு வாசலிலும் மாட்டலாம். கேட்டு வாங்கிப் போனவர்தான் இதுவரை யாருமில்லை.

சந்தியாகு கை நீட்டினார், பிறகு இறக்கிக்கொண்டார். ஜெபமாலை மட்டும் படி இறங்கி வந்து, "ஆணி குத்திரும், இந்தப் பக்கம் பிடிங்க," என்றாள்.

தெரு முழுக்க அது அவள் மார்போடு ஒட்டியபடியே பேசியது. குழாயடிப் பெண்கள் இந்த முறை திரும்பிப் பார்த்தார்கள். 'அவரில்லை, நான்' என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அவர்களைக் கடந்துவிட்டாள். அதற்கும் சேர்த்து வெட்கினாள்.

தன் வீட்டுக் கேட்டில் பலகையை மாட்டி முடித்தபோது எதிர்வீட்டு வக்கீல் நடைப்பயிற்சி முடித்து வந்தார். பலகை பேசியது. அவர் நின்றார்.

"சந்தியாகுவா? உங்க ஸ்டோர்க்காரர்தான? அவர் பாரத்த நீங்க சுமக்கிறீங்களா? பெரிய மனசும்மா உங்களுக்கு."

ஒரு புன்னகை போதும். அத்துடன் முடிந்துவிடும்.

"இல்ல சார். தட்டு அவர் தேர்ந்ததில்ல. தப்பான எடை சொன்னது நான். பழியை அவர் விரல்ல வச்சேன்."

வக்கீலின் முகத்திலிருந்த மரியாதை மெல்ல வடிவதை அவள் நின்று பார்த்தாள். அவர் தன் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே வந்து செருப்பைக் கழற்றினாள். இசக்கியம்மாள் வீட்டுக்கும் இன்று போக வேண்டும். இதுவரை ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி ஆளைத்தான் அனுப்பியிருந்தாள்.

வெளியே பால்காரியின் சைக்கிள் மணி கேட்டது.

"இதைத் தேர்ந்தவர் சந்தியாகு..."

பொற்கொடி வெறுங்காலோடு கேட்டை நோக்கி ஓடினாள்.