நாற்பத்தொன்பதாவது ஓட்டு

"ஐயோ...!"

சட்டசபைக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியே அதிர்ந்தது.

அலறியவள் ஸ்டெனோ வில்லா. காரணம்... தன் அறையில், மேஜை மேல் கவிழ்ந்து கிடந்த செனட்டர் ஆர்வில் ஸ்டானெக்!

பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில், வெண்கலத்தில் வார்த்த ஒரு சோளக்கதிர். 'விவசாயிகளின் நண்பர்' என்று போன வருஷம் கொடுத்த விருது. நண்பரின் ரத்தம் இன்னும் காயவில்லை.

மணி பதினொன்று நாற்பது.

பன்னிரண்டுக்கு மாநில போலீஸ் இன்ஸ்பெக்டர் ரோண்டா கூபிசெக் உள்ளே நுழைந்தாள். பின்னால் சார்ஜென்ட் டெல்மர்.

வாசலில் ஏற்கெனவே இரண்டு பேர் மூச்சிரைக்க நின்றிருந்தார்கள். ஆளுங்கட்சித் தலைவர் கார்த் ஹாக்ஸி. எதிர்க்கட்சித் தலைவி லினியா போர்க்ஸ்ட்ரம்.

'எப்படிச் செத்தார்?' என்று இருவரும் கேட்கவில்லை.

"நாலு மணி ஓட்டெடுப்பு என்னாகும்?" என்று கோரஸாகக் கேட்டார்கள்.

ரோண்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க துக்கம் புரியுது. கொஞ்சம் அடக்கிக்குங்க."

விஷயம் இதுதான். ஜனாதிபதித் தேர்தலில் மக்கள் ஓட்டை எண்ணி முடித்ததும், மாநிலத்தின் சார்பில் ஐந்து ஓட்டுப் போடப்படும். மாநிலத்தில் ஜெயித்தவருக்கு இரண்டு. மீதி மூன்றும் தொகுதிக்கு ஒன்றாக, அங்கங்கே ஜெயித்தவருக்குப் போகும். ஹாக்ஸியின் கட்சி எப்போதும் நாலை அள்ளிவிடும். நகரத் தொகுதியின் ஒற்றை ஓட்டு மட்டும் எதிர்க்கட்சிக்கு நழுவிவிடும்.

அந்த ஒன்று ஹாக்ஸியின் தூக்கத்தைக் கெடுத்தது. 'ஜெயித்தவருக்கே ஐந்தும்' என்று ஒரு மசோதா கொண்டு வந்தார்.

"நாலு இட்லி தின்னுட்டு அடுத்தவன் தட்டுல கை வைக்கற மாதிரி!" என்றாள் போர்க்ஸ்ட்ரம்.

"பிச்சுப் பிச்சுக் குடுத்தா எவன் நம்மள மதிப்பான்? ஒரே பக்கம் மொத்தமா நின்னாத்தான் கெத்து!" என்றார் ஹாக்ஸி.

சபையில் நாற்பத்தொன்பது பேர். மசோதாவுக்கு ஆதரவு இருபத்துநாலு. எதிர்ப்பு இருபத்துநாலு. மிச்சம் ஒருவர்... ஸ்டானெக்!

ஹாக்ஸியின் கட்சிதான். ஆனால் ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை. முப்பது வருஷமாக லிஃப்டில்கூட யாரும் வணக்கம் சொல்லாத மனிதருக்கு, இரண்டு கட்சியும் தினம் காலையில் ப்ளம் பழ ரொட்டி வாங்கி வந்தன. அவர் இரண்டையும் சாப்பிட்டார்.

"அவர் எங்க ஆளு!" என்றார் ஹாக்ஸி.

"போன வாரம் என்னைப் பார்த்துச் சிரிச்சார்!" என்றாள் போர்க்ஸ்ட்ரம்.

"சிரிச்சதெல்லாம் கணக்குன்னா எனக்கு ஆறு புருஷன் இருக்கணும்," என்றாள் ரோண்டா. "பத்தே முக்கால்லேருந்து பதினொண்ணேகால் வரைக்கும் ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க? டாக்டர் சொல்ற நேரம் அது."

"பத்திரிகைக்காரங்களோட," என்றாள் போர்க்ஸ்ட்ரம். "இருபது சாட்சி. எல்லாம் பொய் எழுதறவங்கதான், ஆனா இதை மாத்த மாட்டாங்க."

"என் ரூம்ல... தனியா," என்றார் ஹாக்ஸி. "மசோதாவைப் படிச்சிட்டிருந்தேன்."

"நீங்களே எழுதினதை?"



மதியம் ஒன்றரை. டெல்மர் ஒரு காகிதத்தோடு ஓடி வந்தான்.

"மேடம்! கவர்னர் உத்தரவு போட்டுட்டார். காலியான எடத்துக்கு ஸ்டானெக்கோட சம்சாரம் ஆர்லீனையே நியமிச்சிருக்கார். சாயங்காலத்தோட கூட்டத்தொடர் முடியுதுல்ல... அந்தம்மா நாலு மணிக்கே ஓட்டுப் போடப் போறாங்க!"

"யார் யோசனை?"

"ஹாக்ஸிதான். அனுதாபமா இருக்கும், சொன்ன பக்கம் தலையாட்டும்னு நெனச்சிருப்பார்."

ரோண்டா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டெல்மர்... போன மாசம் நம்ம ஆபீஸ்ல ஒரு மேஜை விளக்கு கேட்டோமே, வந்துச்சா?"

"இன்னும் இல்ல மேடம்."

"விளக்குக்கு ஒரு மாசம். ஆள் செத்து ரெண்டு மணி நேரத்துல அச்சடிச்ச உத்தரவு. அரசாங்கம் இவ்வளவு சுறுசுறுப்பா இருந்து நீ பார்த்திருக்கியா? எனக்குப் பயமா இருக்கு."

கவர்னரின் செயலாளர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு இருக்கைக்குத் திரும்ப நாலு மணி ஆகிவிட்டது. அதுவரை ரோண்டா அங்கேயே காத்திருந்தாள். பெயர் யோலா ட்ராஸ்க். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உத்தரவை முன்னாடியே தயார் பண்ணச் சொல்லிட்டாரே ஹாக்ஸி சார். 'ஸ்டானெக் எடம் காலியாகுது, தாளை ரெடியா வை, பேரை அப்புறம் சொல்றேன்'னார். ராஜினாமான்னு நெனச்சேன்..."

"எத்தனை மணிக்கு?"

யோலா நோட்டைப் புரட்டினாள்.

"பதினொண்ணு பத்து."



உடலை வில்லா பார்த்தது பதினொன்று நாற்பதுக்கு!

ரோண்டா படிகளில் பாய்ந்து இறங்கினாள். சபைக் கதவு சாத்தியிருந்தது. ஓட்டெடுப்பு முடியும்வரை திறக்காது. கண்ணாடி வழியே பார்த்தாள்.

உள்ளே பெயர்கள் ஒலித்தன.

"ஹாக்ஸி!"

"ஆம்!"

கடைசியில்... இருபத்துநாலு, இருபத்துநாலு.

"ஸ்டானெக்!"

கறுப்பு உடையில் எழுந்தாள் ஆர்லீன். அறுபத்தெட்டு வயது. கையில் கசங்கிய கைக்குட்டை. ஹாக்ஸி அவளைப் பார்த்துப் பரிவோடு தலையசைத்தார்.

"இல்ல," என்றாள் ஆர்லீன்.

சபை ஸ்தம்பித்தது!

"அம்மா... நீங்க சரியா கேக்கல போல..." ஹாக்ஸியின் குரல் உடைந்தது.

"காது நல்லா கேக்குது தம்பி. இல்லன்னுதான் சொன்னேன்."

கதவு திறந்தது. ரோண்டா நேராக ஹாக்ஸியிடம் போனாள்.

"பதினொண்ணு பத்துக்கே எடம் காலின்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? நாங்களே நாப்பதுக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்."

ஹாக்ஸியின் முகம் வெளுத்தது. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கெஞ்சினேன்..." என்றார். "எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுன்னு கெஞ்சினேன். 'நாலு மணிக்குக் கேட்டுக்கோ கார்த்'னு சிரிச்சான். ரொட்டியைத் தின்னுக்கிட்டே சிரிச்சான்! அவங்க பக்கம் சாஞ்சுட்டான்னு நெனச்சு... கையில கெடைச்சதை எடுத்து..."

ஆர்லீன் மெதுவாக நடந்து வந்தாள். கைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

"காலையில அடுப்படியில நின்னு எனக்கு வாசிச்சுக் காட்டினாரு. இன்னிக்குப் பேசறதுக்கு எழுதினது. நீயே படி."

ஹாக்ஸி வாங்கினார். பிரித்தார்.

'...ஆகவே, என் நண்பர் ஹாக்ஸியின் மசோதாவை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.'

"ஆர்வில்... என் பக்கமா?!"

"உன் பக்கம்தான். வாழ்க்கையில ஒரு தடவையாவது நாலு பேரு நமக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்கட்டுமேன்னு பாத்தாரு. அவ்வளவுதான் அவரு செஞ்ச தப்பு." ஆர்லீன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டெல்மர் தொப்பியைக் கழற்றினான். 

"அப்போ... நீங்க ஏம்மா 'இல்ல'ன்னீங்க? புருஷன் ஆசைக்கு எதிரா..." என்று முனகினார் ஹாக்ஸி.

ஆர்லீன் நிமிர்ந்தாள். கண்ணில் நீர். குரலில் இல்லை.

"நாப்பத்தோரு வருஷக் குடித்தனம் தம்பி. அவரு ஒரு பக்கம் போடுவாரு, நான் ஒரு பக்கம் போடுவேன். அப்புறம் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். நேத்து வரைக்கும் சபையில எனக்கு ஓட்டு இல்ல. நீதான் வாங்கிக் குடுத்திருக்கே!"

டெல்மர் விலங்கை மாட்டினான். க்ளிக்!

ஹாக்ஸி பரிதாபமாக ரோண்டாவைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர்... ஜூரி என்னை விட்டுடுமா? பன்னெண்டு பேர்ல பாதிப் பேராவது என் பக்கம் இருக்க மாட்டாங்களா?"

ரோண்டா அவர் தோளைத் தட்டினாள்.

"அங்க பாதியெல்லாம் செல்லாது சார். தீர்ப்பு எப்படியிருந்தாலும் பன்னெண்டும் ஒரே பக்கம் விழணும். சந்தோஷப்படுங்க... நீங்க ஆசைப்பட்ட முறை அங்க ரொம்ப நாளா அமல்ல இருக்கு!"