திரும்பி வரும் கரடி

"கரடி தப்பான பக்கம் போகுதுங்க..."

மழைக்கு ஒதுங்கியவனுக்கு வாய் சும்மா இருக்கக் கூடாதா? டி-ஷர்ட்டில் படம் அச்சடிக்கும் அந்தக் கடையின் முதலாளியம்மா, வேலைக்காரி எல்லாமே அவள்தான். நிமிர்ந்து முறைத்தாள். அவன் நெற்றியில் ஒட்டிய ஈர முடி... அதன் கீழே தூங்கி நாளான இரண்டு கண்கள்... அவள் முறைப்பு கொஞ்சம் தடுமாறியது.

"உங்களைக் கேட்டேனா?"

அவன் மேஜைமேல் இருந்த சட்டையைக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். குடை பிடித்த கரடி, குழந்தைகள் படக்கதை ஒன்றின் கடைசிப் பக்கம். கோப்பை, போன் உறை, பேருந்தின் முதுகு என்று அது இல்லாத இடமில்லை. சொல்லாமல் விட்டுப் போனவனை 'கரடி மாதிரிப் போயிட்டான்' என்பதே பேச்சு வழக்காகிவிட்டது. புத்தகத்தில் அது வலது ஓரம் நோக்கி, பக்கத்தை விட்டே நடக்கும். இவள் சட்டையில் இடப்பக்கம் நடந்தது.

படத்தை இடவலமாகத் திருப்பித் தாளில் அச்செடுத்து, துணிமேல் கவிழ்த்துச் சூட்டில் அழுத்த வேண்டும். திருப்ப மறந்திருந்தாள். இருநூறு சட்டையும் அப்படியே! புத்தகத்தின் வெள்ளி விழாவுக்காக நூலகத்து மேடம் ஐந்து மணிக்கு வருவார். இப்போது நாலரை. "தனிக்கடையா? ஒரே மாசத்துல என்கிட்டதான் வந்து நிப்பே" என்ற அண்ணனின் குரல் காதில் குத்தியது.

அவள் வாய்விட்டுப் புலம்பியதைக் கேட்டு, மேடத்திடம் தான் பேசுவதாகச் சொன்னான் அவன்.

"வேணாம். என் தப்பை நானே சொல்லிக்கிறேன். நீங்க யாரு நடுவுல?"

அவன் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"அந்தக் கரடியை வரைஞ்சது எங்கப்பா. வரைஞ்சு முடிச்ச வாரமே எங்களை விட்டுப் போனார். எங்க திரும்பினாலும் அந்தக் கரடி என் முன்னாடி போயிட்டே இருக்கும்... நாளைக்கு விழாவுல பேச அந்த மேடம்தான் கூப்பிட்டாங்க. முடியாதுன்னுட்டு பஸ் ஏறத்தான் வந்தேன்."

விரலால் அந்தப் படத்தைத் தொட்டான்.

"இது... திரும்பி வருது."

அவள் அந்தச் சட்டையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

மேடம் வந்தார். சாக்குச் சொல்லாமல் நடந்ததை ஒப்புக்கொண்டாள். மேடத்தின் முகம் சுண்டியது. அவன் ஒரு சட்டையை எடுத்து ஈரச் சட்டைமேலேயே மாட்டிக்கொண்டான். எல்லோரும் இதையே போடுவதானால் நாளை மேடையேறுவதாகச் சொன்னான். மேடம் அவனையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைக் கட்டுகளை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

வண்டி போன பிறகும் அவன் போகவில்லை. மழை விட்டிருந்தது. அவள் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். போய்விடுவானோ? அவன் வாசலிலிருந்து திரும்பினான்.

"எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லைங்க. உங்களைப் பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகல. ஆனா போக மனசு வரல... நாளைக்குப் பேசி முடிச்சதும் இங்க வரலாமா?"

அண்ணன் முன்னால்கூடக் குனியாத அவள் தலை மெல்லத் தாழ்ந்தது.

"எனக்கும்தான் அனுப்ப மனசு வரல," என்றாள். "வாங்க... மழை இல்லேன்னாலும் வாங்க."